தெருமுனை கிளினிக்கில் எது பாதுகாப்பு?

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, பைக்கில் இருந்து விழுந்த சிராய்ப்பு, மாதம் ஒருமுறை பிபி, சுகர். இதற்கெல்லாம் நம் மக்கள் முதலில் போய் நிற்பது மாலையில் ஷட்டர் திறக்கும் கிளினிக்கில்தான். ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், டோக்கன் கொடுக்க ஒருவர், வெளியே இரண்டு பெஞ்ச், பக்கத்திலேயே மெடிக்கல் ஷாப். 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, ஆஸ்பத்திரியில் படுக்காமல் மக்கள் பார்த்துக்கொண்ட நோய்களில் 100-க்கு 40-க்கும் மேல் தனியார் டாக்டர்களிடமும் கிளினிக்குகளிலும் பார்க்கப்பட்டவை. அரசு மருத்துவமனைகளின் பங்கு சுமார் 30 தான். ஆனாலும் மருத்துவத் தரம் என்று பேச்சு வந்தால் ஆபரேஷன் தியேட்டரும் ஐசியூவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் அதிகம் போகும் இடத்தின் பாதுகாப்பை யாரும் கேட்பதில்லை. கேட்கும்போதும் தவறான கேள்வியைக் கேட்கிறோம்: அறை எவ்வளவு பெரியது, சுவரில் என்ன சான்றிதழ் தொங்குகிறது என்று. சிறிய கிளினிக்கின் பாதுகாப்பை முடிவு செய்பவை தினமும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் பத்துப் பன்னிரண்டு சின்ன வேலைகள். அவை ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று பெரும்பாலான டாக்டர்களுக்குத் தெரியும். தெரிந்தது தினமும் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை அளக்காத எந்தச் சட்டமும் நோயாளியைக் காப்பாற்றாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஓர் ஊசியைக் கிட்டத்தில் இருந்து பார்ப்போம். வலிக்குப் போடும் மருந்து பல கிளினிக்குகளில் 30 மில்லி குப்பியாக வாங்கப்படுகிறது. ஆளுக்கு 3 மில்லி என்றால் ஒரு குப்பியில் பத்துப் பேர். அந்தக் குப்பியின் ரப்பர் மூடியில் ஓர் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை அதில் மாட்டி இழுத்துக்கொள்வது சுலபம். மூடியைத் துடைக்க வேண்டாம், புது ஊசியால் குத்த வேண்டாம். ஆனால் அந்த ஊசித் துளை வழியாக வெளிக்காற்றும் கிருமியும் நாள் முழுக்க உள்ளே போய்வரும். அடுத்து, கையில் துடைக்கும் பஞ்சு. எவர்சில்வர் டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றி, காலையில் ஊறப்போட்ட பஞ்சை இரவு வரை விரலால் கிள்ளி எடுப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. ஸ்பிரிட் ஆவியாகும், டப்பாவுக்குள் எத்தனையோ விரல் போகும், துடைக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். உலக சுகாதார நிறுவனத்தின் ஊசி வழிகாட்டி இந்தப் பழக்கமே கூடாது என்கிறது. பிறகு, திறந்த குப்பியில் தேதி எழுதுவது. தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாவிட்டால் 28 நாளில் தூக்கிப் போட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. தேதியே எழுதாத குப்பிக்கு 28-ஆம் நாள் என்று ஒன்று இல்லை. கடைசியாக, போட்டு முடித்த ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி மாட்டுவது. சிஸ்டரின் கட்டைவிரலில் குத்துவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஊசியை மூடாமல், கை எட்டும் தூரத்தில் இருக்கும் துளைபடாத வெள்ளை டப்பாவில் நேரே போட்டுவிட்டால் அந்த ஆபத்தே இல்லை. அரை நிமிட வேலையில் இத்தனை இடங்கள் இருக்கின்றன. இதில் எதற்கும் பெரிய அறை தேவையில்லை.

இந்த அரை நிமிடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. 2009-ல் குஜராத்தின் சபர்காந்தா மாவட்டம் மோடாசாவில் ஹெபடைடிஸ் பி திடீரென்று பரவியது. பல பத்துப் பேர் இறந்தார்கள். விசாரணை போய் நின்ற இடம், கிளினிக்குகளில் மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்ட சிரிஞ்சுகள். அழிக்கப்பட்டிருக்க வேண்டிய ஊசிகள் மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் பிடிபட்டன. 2014-ன் கடைசியில் கம்போடியாவின் ரோக்கா கிராமத்தில் 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, உரிமம் இல்லாமல் ஊசி போட்டுவந்தவருக்கு 25 ஆண்டு சிறை விதித்தார்கள். 2019-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்ற சிறு நகரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. இவை ஏழை நாட்டுக் கதைகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2008-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் படித்த டாக்டர்கள் நடத்திய எண்டோஸ்கோப்பி மையத்தில் ஒரே மருந்துக் குப்பியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் சி பரவியது. ஊசியை மாற்றி சிரிஞ்சை மாற்றாமல் அதே நோயாளிக்கு இன்னொரு முறை மருந்து இழுத்ததில் குப்பி கெட்டது. குப்பியில் இருந்து அடுத்த நோயாளிக்குப் போனது. 40,000-க்கும் மேற்பட்டவர்களை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே கட்டடத்துக்கோ படிப்புக்கோ குறைவே இல்லை.

இந்தியாவின் நிலையை அளந்த பெரிய ஆய்வு 2002-04-ல் நடந்தது. ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஊசி போடப்படுகிறது, அதில் 100-க்கு 63 ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றது என்று அது சொன்னது. இருபது வருடப் பழைய கணக்கை வைத்து இன்று பயமுறுத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்த காலம் போய்விட்டது. உறையைக் கிழித்து எடுக்கும் டிஸ்போசபிள் சிரிஞ்ச் எங்கும் வந்துவிட்டது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2005 முதலே ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் வந்தன. ஆனால் பொதுவான சிகிச்சைக்கும் மறுபடி பயன்படுத்த முடியாத சிரிஞ்சுக்கு 2020-க்குள் மாறிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன பிறகும், சாதாரண டிஸ்போசபிள்தான் இன்னும் பரவலாகப் புழங்குகிறது. மேலும், புது சிரிஞ்ச் என்பது மேலே சொன்ன பல இடங்களில் ஓரிடத்தை மட்டும்தான் சரிசெய்கிறது. குப்பியையோ பஞ்சையோ அது மாற்றாது. அதைவிட முக்கியம், தேவையே இல்லாத ஊசியை அது தேவையானதாக ஆக்காது. சாதாரணக் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் மாத்திரை போதுமான இடத்தில் போடப்படும் ஒவ்வொரு ஊசியும், எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும், நோயாளி வீணாக ஏற்கும் ஆபத்து.

டாக்டர்களுக்குத் தெரியாததால் இப்படி நடக்கிறது, இன்னும் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது எளிது. ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும் ஒரு முறையைக் கையாண்டார்கள். நோயாளிபோல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை, அடையாளம் சொல்லாமல் கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். 2012-ல் வெளியான ஆய்வில், மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஒரு நோயாளிக்குக் கிடைத்த நேரம் சராசரி 3.6 நிமிடம். 2015-ல் வெளியான டெல்லி ஆய்வில், காசநோய் அறிகுறிகளோடு போன 250 சந்திப்புகளில் 52-ல் மட்டுமே சரியான வழியில் கையாளப்பட்டது. அவர்களைப் பார்த்தவர்களில் சிலரிடமே அதே நோயை விவரித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது பதில் எவ்வளவோ மேலாக இருந்தது. சளிப் பரிசோதனைக்கு அனுப்புவேன் என்று பதில் சொல்பவரும், எதிரே ஆள் இருமிக்கொண்டு உட்காரும்போது ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுகிறார். 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு, மத்தியப் பிரதேசத்தில் ஒரே டாக்டரை அரசு மையத்திலும் அவருடைய சொந்த கிளினிக்கிலும் ஒப்பிட்டது. சொந்த கிளினிக்கில் அவர் கூடுதல் அக்கறையோடு பார்த்தார். அறிவு ஒன்றேதான். இடமும், அவசரமும், யார் கேட்பார்கள் என்பதும் மாறும்போது வேலை மாறுகிறது. ஆகவே இன்னொரு கருத்தரங்கம், இன்னொரு கையேடு என்பதைவிட, அந்த அவசரத்துக்குள்ளும் சரியான வேலை தானாக நடக்கும்படி கிளினிக்கை ஒழுங்குபடுத்துவதுதான் வழி.

உடனே வரும் எதிர்வாதம்: முதலில் போலி டாக்டர்களை ஒழியுங்கள், எம்.பி.பி.எஸ். படித்தவர்களை ஏன் கேள்வி கேட்கிறீர்கள்? போலி டாக்டர்களை ஒழிக்கத்தான் வேண்டும். மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகங்கள் அவ்வப்போது சோதனை போட்டுப் பிடிக்கவும் செய்கின்றன. படித்தவர்கள் படிக்காதவர்களைவிடச் சரியாகப் பார்ப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பதையும் அந்த ஆய்வுகளே காட்டுகின்றன. ஆனால் செய்ய வேண்டியதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைப் படிப்பு குறைக்கிறது, மூடுவதில்லை. போலி டாக்டரிடம் போய் ஏமாறுகிறவரைக் காப்பாற்றப் போலீஸ் இருக்கிறது. பதிவுபெற்ற டாக்டரிடம் நம்பிப் போகிறவருக்கு அந்த நம்பிக்கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவருக்காகத்தான் தர நிர்ணயம் என்ற ஒன்றே தேவைப்படுகிறது.

மாத்திரைக் கவர் விஷயத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பல கிளினிக்குகளில் ஃபீஸோடு சேர்த்து மூன்று நாளைக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். அட்டையில் இருந்து கத்தரித்தோ பெரிய டப்பாவில் இருந்து எண்ணியோ சின்னக் காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, மதியம், இரவு என்று மூன்று கோடு. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி ரோஸ் ஒன்று. பெயர் கிடையாது, அளவு கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. ஏழை நோயாளிக்கு இது வசதி என்பது உண்மை. மருந்துக் கடைக்குத் தனியாகச் செலவு இல்லை. ஆனால் அன்று இரவு அவருக்கு உடம்பெல்லாம் தடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினால், அங்கிருக்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கவரில் பதில் இல்லை. அந்தப் பாதி ரோஸ் மாத்திரை ஸ்டீராய்டா, ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதும் வலிநிவாரணியா என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. தன் நோயாளிக்கு டாக்டரே மருந்து தருவதற்கு, மருந்து விதிகளின் அட்டவணை 'கே' விலக்கு அளிக்கிறது. கூடவே நிபந்தனையும் வைக்கிறது. உரிமம் பெற்றவரிடமே வாங்க வேண்டும், வாங்கியதற்குப் பேட்ச் எண்ணோடு கணக்கு வேண்டும், சீட்டுக்குரிய மருந்தானால் டாக்டரின் பெயர், முகவரி, சாப்பிடும் அளவு ஆகியவற்றைக் கவரில் எழுத வேண்டும், எந்த மருந்து யாருக்கு என்றைக்குக் கொடுக்கப்பட்டது என்று பதிவேடும் வேண்டும். விலக்கைப் பயன்படுத்துகிற அளவுக்கு நிபந்தனையை யாரும் நினைப்பதில்லை. அதேபோல, 2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள அட்டவணை 'ஹெச்1', வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் உட்பட 46 மருந்துகளுக்கு, யார் எழுதியது, யாருக்குக் கொடுத்தது என்று மெடிக்கல் ஷாப்பில் தனிப் பதிவேடு வைத்து மூன்று வருடம் காக்கச் சொல்கிறது. அதே மருந்து கிளினிக் டப்பாவில் இருந்து கவருக்குள் போனால் அந்தக் கண்காணிப்பு வலையில் அது விழுவதே இல்லை. எந்தத் தெருவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு போகிறது என்று தெரியாமல், மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி மாநாடு நடத்தி என்ன பயன்?

மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. மருந்தின் பொதுப் பெயரைப் படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள் 2016-ல் திருத்தப்பட்டன. பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும் புரியும் கையெழுத்து, நோயாளி வேறு ஊரில் இருக்கும்போது அவரைக் கைவிட்டுவிடும்.

இனி ஃபிரிட்ஜ். தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், கரன்ட் போனால் கவலைப்படவும் செய்கிறோம். ஆனால் சூட்டைவிட உறைவதுதான் சில தடுப்பூசிகளுக்கு மோசம். டிடி, ஹெபடைடிஸ் பி போன்றவை ஒருமுறை உறைந்து இளகினால் கெட்டன. குப்பியின் மேல் ஒட்டப்படும் நிறம் மாறும் குறி சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல வைத்த குப்பி ஒரு ராத்திரியில் உறைந்துபோய், காலையில் பழையபடி தண்ணீராக இருக்கலாம். கதவில் வைத்ததோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். போட்ட ஊசியால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் தெரியாது, பாதுகாப்பும் கிடைத்திருக்காது. அம்மா அட்டையில் தேதி குறித்துக்கொண்டு நிம்மதியாகப் போவாள். கிளினிக்கிலேயே மிகவும் அமைதியாக நடக்கும் தவறு இது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர், காலையும் மாலையும் பார்த்து எழுத ஒரு தாள், ஃபிரிட்ஜுக்குள் டிபன் பாக்ஸோ பால் பாக்கெட்டோ வைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் தேவை. நடப்பதை யாராவது பார்க்கிறார்களா என்பதைத் தவிர இதில் கடினமானது ஒன்றும் இல்லை.

அட்ரினலினும் அப்படித்தான். எந்த ஊசிக்கும், முன்பு பலமுறை ஒத்துக்கொண்ட மருந்துக்கும்கூட, அபூர்வமாக உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம். அப்போது முதல் மருந்து அட்ரினலின்; பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் ஏவிலும் ஹைட்ரோகார்டிசோனும் அதற்குப் பிறகுதான். பாடப் புத்தகத்தில் இதைப் படிக்காத டாக்டர் இல்லை. ஆனால் எந்த டிராயரில் இருக்கிறது, காலாவதி ஆகவில்லையா, ஆம்புல் உடைத்து ஏற்ற 1 மில்லி சிரிஞ்ச் பக்கத்தில் இருக்கிறதா, ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைப்பது யார் வேலை என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. ஒரு டப்பாவில் வைத்து, மேலே அளவை ஒட்டி, மாதத்தின் முதல் நாள் ஒருவர் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கும். அந்த டப்பா இல்லாத கிளினிக் ஊசியே போடக் கூடாது என்பது என் கருத்து. இதில் நடுவழி எனக்குத் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் நடப்பதையும் மறந்துவிடுகிறோம். மூன்று வாரமாக இருமுகிறவரும், கைக்குழந்தையோடு வந்தவரும், சர்க்கரை நோயாளியும் ஒரே சின்ன அறையில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள். வசதி என்று ஏசி மாட்டி ஜன்னலை அடைத்துவிட்டால் ஒருவர் விட்ட மூச்சைத்தான் எல்லோரும் இழுக்க வேண்டும். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில், எந்திரக் காற்றோட்டம் வைத்த நவீன அறைகளைவிடக் காற்று வேகமாக மாறியதையும், காசநோய் தொற்றும் வாய்ப்பு குறைந்ததையும் காட்டியது. நம் பழைய திண்ணை வைத்த கிளினிக்குகள் இந்த வகையில் புதுப்பித்தவற்றைவிட மேல். இருமுகிறவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து டோக்கனில் முன்னே விடுவதற்குப் பணம் செலவில்லை. சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதும், உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்பதும் தனியார் டாக்டரின் கடமை. 2012 மே மாதத்தில் இருந்து காசநோயைத் தெரிவிப்பது கட்டாயம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1997-லேயே இயற்றியது. மத்திய அரசின் சட்டம் 2010-ல்தான் வந்தது. அந்த முன்னோடித்தனத்துக்கு நாம் பெருமைப்படலாம், ஆனால் அதற்கான விதிகள் வெளிவந்தது 2018-ல். இருபத்தோரு வருடம் சட்டம் புத்தகத்தில் இருந்தது. இப்போது பதிவு நடக்கிறது என்பது நல்ல மாற்றம். ஆனால் இடம், ஆட்கள், உபகரணம், சான்று என்று ஒருமுறை பார்த்து முடிகிற பதிவால், நான் மேலே சொன்ன எதையும் கண்டுபிடிக்க முடியாது. சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜையின் நீள அகலத்தை அளந்து ஓட்டலுக்குச் சான்று கொடுப்பது போன்றது அது. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016 இந்த விஷயத்தில் மேலானவை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எது எதில் போக வேண்டும் என்று சொல்கின்றன, 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கின்றன, படுக்கை இல்லாத கிளினிக்கையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை எழுதிய விதி அது. அதனால்தான் ஒரு வாளியைத் திறந்து பார்த்தாலே நடக்கிறதா இல்லையா என்று தெரிகிறது. மற்ற விதிகளும் அந்த மாதிரி இருக்க வேண்டும்.

சிறிய கிளினிக் டாக்டர்கள் எழுப்பும் பெரிய ஆட்சேபம் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு விதியும் ஒரு செலவு, ஒவ்வொரு பதிவேடும் ஓர் ஆள். கடைசியில் கார்ப்பரேட் மருத்துவமனைகள் மட்டும் நிற்கும், குறைந்த ஃபீஸில் பார்க்கிற தெரு டாக்டர் கடையை மூடிவிடுவார், ஏழைக்கு இருந்த ஒரே கதவும் அடைபடும் என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. கட்டடத்தை அளக்கும் விதிகள் உண்மையிலேயே அப்படித்தான் செய்யும். நூறு படுக்கை மருத்துவமனைக்கு எழுதிய பாரத்தை ஓர் அறைக் கிளினிக்கின் மேல் போர்த்தினால் அது மூச்சுத் திணறும். தேசிய மருத்துவமனைகள் தர ஏற்பு வாரியமான என்ஏபிஹெச் கிளினிக்குகளுக்கென்று தனித் தரநிலை வைத்திருந்தும், அது விரும்பியவர் சேரும் ஏற்பாடுதான். தனி டாக்டர் அந்தக் காகித வேலையைத் தாங்குவது கஷ்டம். ஆகவேதான் எண்ணிக்கையைக் குறைத்து, வேலையை மட்டும் கேளுங்கள் என்கிறேன். திறந்த குப்பியில் தேதி, துளைபடாத டப்பா, ஃபிரிட்ஜ் தாள், அட்ரினலின் டப்பா, பெயர் எழுதிய மாத்திரைக் கவர், படிக்க முடிகிற சீட்டு, திறந்த ஜன்னல். இவற்றில் எதுவும் கடையை மூட வைக்கும் செலவு இல்லை. காயம் தைக்கும் சாமான்களைத் தானே சுத்தம் செய்கிற கிளினிக்குக்கு மட்டும் ஆட்டோகிளேவ் கூடுதலாக வேண்டும். தண்ணீரில் கொதிக்க வைப்பது கிருமியின் வித்துகளைக் கொல்லாது, 121 டிகிரி நீராவியும் அழுத்தமும் போதிய நேரமும் வேண்டும். அது முடியாதவர் தையலைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

இன்னொரு ஆட்சேபம் நோயாளியைப் பற்றியது. "டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்டுருங்க, நாளைக்கு வேலைக்குப் போயாகணும்" என்று வருகிறவரிடம் ஊசி தேவையில்லை என்றால் அவர் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார், தவிர நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது விளக்கிச் சொல்ல நேரம் எங்கே என்கிறார்கள். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு. அந்தக் கெஞ்சலை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஊசிதான் வேகமாகக் கேட்கும் என்ற நம்பிக்கையை நோயாளி எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. இரண்டு தலைமுறையாக கிளினிக்குகள்தான் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தன. ஒரு டாக்டர் தனியாக மறுத்தால் நஷ்டம் அவருக்கு. ஓர் ஊரின் டாக்டர்கள் பேசிவைத்து, காய்ச்சலுக்கு ஊசி கிடையாது என்று தமிழில் எழுதி எல்லா வாசலிலும் மாட்டினால் அடுத்த தெரு என்ற ஒன்றே இருக்காது. நேரம் இல்லை என்பதைப் பொறுத்தவரை, நான் சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை சிஸ்டரும் டோக்கன் கொடுப்பவரும் கிளினிக் திறக்கும் முன் செய்ய வேண்டியவை. டாக்டரின் மூன்று நிமிடத்தில் ஒரு விநாடியையும் அவை எடுப்பதில்லை. அந்தச் சிஸ்டருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாகிவிட்டதா, ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க எங்கே ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

பாதுகாப்பு என்பது கெடுதல் வராமல் பார்ப்பது மட்டும் இல்லை, நோயைக் கட்டுக்குள் கொண்டுவருவதும்தான். தமிழ்நாட்டில் 2020-ல் தொற்றா நோய்களை அளந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய், அளவைப் பார்த்து, அதே மாத்திரையை வாங்கி வருகிற ஏராளமானவர்களும் கட்டுக்குள் வராத இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். போன மாத அளவு எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் இந்த மாத அளவு ஏறியதா இறங்கியதா என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிபி கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மாத்திரை போகும். ஒரு நாற்பது பக்க நோட்டு, அல்லது நோயாளி கையில் ஓர் அட்டை, இரண்டு அளவில் பட்டை. தரம் என்ற பெரிய பேச்சு இங்கே இவ்வளவு சின்னதாக இறங்கி வருகிறது.

எழுதிவைத்தால் நாளைக்கு அதுவே எங்களுக்கு எதிரான சாட்சியாகாதா என்பதுதான் டாக்டர்கள் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் கடைசி ஆட்சேபம். 1995-ல் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த நாளில் இருந்து இந்தப் பயம் இருக்கிறது. கிளினிக்கில் கல் விழும் ஊரில் பயம் கூடுதலாகவே இருக்கும். 2008-ல் மருத்துவப் பணியாளர்களைக் காக்கத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்த மாநிலம் இது. ஆனால் வழக்கென்று வந்தால் எழுத்தில் ஒன்றும் இல்லாத டாக்டர்தான் தடுமாறுகிறார். தேதி போட்ட ஃபிரிட்ஜ் தாளும் பெயர் எழுதிய கவரும் அவரைக் காப்பாற்றும். தவறுகளைப் பேசுவதற்கு மட்டும் பயமில்லாத ஓர் இடம் தனியாக வேண்டும், அதற்கு அரசு தேவையில்லை. இந்திய மருத்துவச் சங்கத்தின் கிளைகள் ஊர் ஊராக மாதக் கூட்டம் நடத்துகின்றன. மருந்து கம்பெனி உதவியில் ஒரு பேச்சும் இரவுச் சாப்பாடும் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தங்கள் மருந்துச் சீட்டுகளில் பத்தை, நோயாளி பெயரையும் தங்கள் பெயரையும் மறைத்து எடுத்து வந்து கலந்து வைக்கட்டும். ஒரு மாதம் அதில் எத்தனை ஊசி, எத்தனை தேவைப்பட்டவை என்று எண்ணலாம்; அடுத்த மாதம் ஆன்டிபயாடிக்; அதற்கடுத்து, கையெழுத்தைப் பக்கத்து ஊர் மருந்தாளுநர் படிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். இணை இயக்குநர் அலுவலகம் அந்தக் கூட்டத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம், சீட்டுகளைக் கேட்கவும் வேண்டாம். பதிவைப் புதுப்பிக்கும்போது, கூட்டத்துக்குப் போனீர்களா, சங்கத்தின் முத்திரை எங்கே என்று மட்டும் கேட்டால் போதும்.